இணையப் பக்கமும் அரங்கேற்றமும்

ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்ட அன்றே நூலாகிவிடுவதில்லை. அவையோர் முன் வைக்கப்பட்டு, வினாவும் விடையும் கடந்து, குற்றம் களைந்த பின்னரே அது நூல் என்னும் பெயர்க்கு உரியதாகும் என்பது தமிழர் கொண்ட கொள்கை. இதனையே முன்னோர் அரங்கேற்றம் என்றனர். இன்று அச்சொல் மாலையும் பொன்னாடையும் புகழுரையும் நிறைந்த ஒரு விழாவின் பெயராய்ச் சுருங்கிவிட்டது. பண்டு அது ஒரு தேர்வின் பெயராய் இருந்தது.

தமிழ் எழுத்து ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் வந்துவிட்டது. பள்ளிகளும் கோயில்களும் சங்கங்களும் தனியன்பர்களும் இணையதளங்கள் அமைக்கின்றனர். தளம் தொடங்கப்படும் நாளில் வாழ்த்துவார் பலர். அதனைப் பொறுமையாகப் படித்துப் பார்த்து, ‘இவ்விடம் பிழை, இவ்விடம் தெளிவில்லை’ என்று எடுத்துரைப்பார் மிகச் சிலர். இதனால் நேரும் இழப்பு எத்தகையது, அதனை நீக்கும் வழி யாது, அவ்வழியில் தமிழாசிரியர்க்கு உரிய பங்கு யாது என்பனவற்றைப் பேராக் மாநிலத்தைச் சிறப்பாகக் கருத்திற் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அதங்கோட்டாசானும் ஊமைச் சிறுவனும்

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் இயற்றிய பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டது என்று கூறுகின்றது. அப்பாயிரத்துக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு தருகின்றார். தொல்காப்பியர்மீது சினங்கொண்ட அகத்தியர், அவர் செய்த நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியரோ தம் நூலைக் கேட்குமாறு பன்முறை வேண்டினார். இருவர் சினத்துக்கும் ஆளாகாதிருக்க எண்ணிய அதங்கோட்டாசான், நூலைக் கேட்டு அதற்குக் குற்றம் கூறிவிடுவது என்று துணிந்தார். அவர் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார், நூல் நிலைபெற்றது.

இவ்வரலாறு நிகழ்ந்ததோ அன்றோ, இதனுள் ஒரு முறை அடங்கியிருக்கின்றது. குற்றம் காண்பவர் நூல் செய்தவர்க்கு ஒத்த கல்வியுடையவர். அவர் பொதுப்படப் பழிக்கவில்லை; இடம் சுட்டி வினவுகின்றார். விடையும் இடம் சுட்டியே வருகின்றது. வினவியவர் நூலைத் தம் விருப்பப்படி மாற்றி எழுதவும் இல்லை. முடிவு நூலாசிரியரிடமே இருக்கின்றது.

இறையனார் களவியலுரையின் கதை வேறு வகையானது. புலவர் நாற்பத்தொன்பதின்மர் ஒரே நூலுக்கு உரை கண்டனர். எவருரை மெய்யுரை என்பதில் அவர்களுக்குள் இணக்கம் இல்லை. அதனைத் தீர்க்கும் பொறுப்பு உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவனுக்கு வந்தது. அவனோ ஊமை. உரைகள் ஒவ்வொன்றாய்ப் படிக்கப்பட்டன. நக்கீரர் உரை படிக்கப்பட்டபோது அவன் கண்ணீர் சொரிந்தான், மெய் சிலிர்த்தான். அதனைக் கொண்டு அவ்வுரையே மெய்யுரை என்று துணிந்தனர்.

இதனை வெறும் வியப்புக் கதை என்று தள்ளிவிடுவது எளிது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சிறுவனிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவன் உடலில் தோன்றிய மெய்ப்பாட்டை உற்று நோக்கினர். கற்றவர் பலர் கூடியும் தீராத வழக்கு, கேட்பவன் ஒருவனை நோக்கியதால் தீர்ந்தது.

இணையதளத் திருத்தத்துக்கு வேண்டிய இரண்டு தேர்வுகளும் இவ்விரு கதைகளில் உள்ளன. ஒன்று, அத்துறை அறிந்தவர் வரிவரியாகப் பார்த்து வினவுவது. மற்றொன்று, அத்துறை அறியாதவர் தளத்தைப் பயன்படுத்தும்போது அவர் கை எங்கே தயங்குகின்றது, கண் எங்கே சுருங்குகின்றது என்று அருகிருந்து நோக்குவது. மேலைநாட்டார் இவ்விரண்டையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைகளாக வளர்த்தனர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன், நிரல்களைச் சிலர் கூடியிருந்து வரிவரியாய் ஆராயும் முறையை 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். யாக்கோப் நீல்சன் என்பார், பயன்படுத்துவோர் ஐவரை அருகிருந்து நோக்கினாலே ஒரு தளத்தின் இடர்ப்பாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அவ்விழுக்காடு எல்லாத் தளங்களுக்கும் பொருந்துமா என்று வாதிட்டவரும் உளர். ஆயினும் ஒருவரையேனும் நோக்குதல் எவரையும் நோக்காமையினும் மேல் என்பதில் வழக்கில்லை.

பதிப்பாசிரியர் காட்டிய வழி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் முதன்முறை பதிப்பித்தார். அவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். நூலோ சமண காப்பியம். இலக்கண இலக்கியப் பயிற்சி எவ்வளவு இருந்தும் சமணக் கோட்பாட்டுச் சொற்கள் அவர்க்கு விளங்கவில்லை. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரை நாடிச் சென்று வினவினார். அவர்களுக்கு அந்நூல் வழிவழியாகப் படித்துவந்த நூல். ஆதலின் அவர்கள் எளிதில் விளக்கினர். பின்னும் ஏடுகள் தேடி, ஒப்புநோக்கி, 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

இதனால் பெறப்படும் உண்மை இரண்டு. கற்றறிந்த பதிப்பாசிரியர்க்கும் புலப்படாத ஒன்று, அந்நூலை வாழ்வில் வைத்துப் போற்றும் எளிய மக்களுக்குப் புலப்படும் என்பது ஒன்று. முதற்பதிப்பு முடிவான பதிப்பன்று என்பது மற்றொன்று. இணையதளம் அமைப்போர் மனத்தில் ஆழப் பதிய வேண்டியவை இவ்விரண்டுமே. அச்சுநூலைத் திருத்த மறுபதிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இணையப் பக்கத்தையோ இன்று மாலையே திருத்திவிடலாம். இவ்வளவு எளிதாய் இருந்தும் திருத்தம் நிகழவில்லையானால், குறை கருவியில் இல்லை. கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமையே குறை.

திஸ்கி முதல் விக்கிமூலம் வரை

கேட்கும் வழக்கம் இருந்தபோது என்ன விளைந்தது என்பதற்குத் தமிழ்க் கணிமையின் வரலாறே சான்று. 1990ஆம் ஆண்டுகளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் உடையதாய் இருந்தது. ஒருவர் எழுதியனுப்பியதை மற்றொருவர் படிக்க வேண்டுமானால் அதே எழுத்துரு அவர் கணினியிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் திரையில் தோன்றுவது எந்த மொழியும் அன்று. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். அதன்பின் பல நாட்டுத் தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு, வரைவு வெளியிட்டு, மறுப்புக் கேட்டு, மீண்டும் திருத்தி உருவாக்கிய பொதுக் குறியேற்றமே திஸ்கி எனப்பட்ட தகுதரம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரமும், முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய மலேசியரான முத்து நெடுமாறனும் அம்முயற்சியில் பெரும்பங்கு கொண்டோர். அரசாணையால் எழாமல், ஒத்தாரின் வாதத்தால் எழுந்த தரம் அது. ஒருங்குறி வந்தபின் அது வழக்கொழிந்தது உண்மையே. ஆயினும் தமிழன்பர்கள் ஒருவர்க்கொருவர் குறை கூறிப் பொதுமுடிவு காண முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அடுத்த சான்று. கலியாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிவைத்த இம்முயற்சியில், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாய் வழங்கினர். ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் காணப்படும். இது சிறிய செய்தி போலத் தோன்றும். மெய்ப்புப் பார்ப்பவர்க்குப் பெயர் தரும் வழக்கம் தமிழ் அச்சுநூல்களில் அருகியே காணப்பட்டது என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும். திருத்துவதும் ஆக்குவதைப் போன்ற தொண்டே என்று அத்தளம் அறிவிக்கின்றது.

குறையும் கூறுதல் வேண்டும். தொடக்க காலத்து மின்னூல்கள் சிலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது என்னும் குறிப்பு இல்லை. பக்கத்தின் அடியில் திருத்தப்பட்ட நாள் இருக்கும். திருத்தப்பட்டது யாது என்பது இராது. பாடவேறுபாடு பார்க்கும் ஆசிரியர்க்கு இவ்விரண்டும் பெருந்தடை.

இக்குறையை நீக்கிய அமைப்பு விக்கிமூலம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார், எந்நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது எவர்க்கும் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வாதிட ஒரு பேச்சுப் பக்கமும் உண்டு. அதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலத்தில் நூலின் பக்கப்படம் ஒருபுறமும் தட்டச்சு வடிவம் மறுபுறமும் நிற்கும். எந்திரம் படித்ததாய் மட்டும் இருக்கும் பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். மற்றொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் பழைய உண்மையை ஒரு நிரலின் விதியாகவே ஆக்கிவிட்டனர். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கப்படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்குச் சேர்ந்துள்ளன. அப்பக்கங்களிற் பெரும்பகுதி மெய்ப்புப் பார்ப்பாரை எதிர்நோக்கியே கிடக்கின்றது. அத்தளத்தின் தோற்றமோ படிப்பவரை நோக்கியதாய் இல்லாமல் பணிசெய்வாரை நோக்கியதாய் இருக்கின்றது. அடைப்புக்குறிகளும் கட்டளைகளும் நிறைந்த அதன் தொகுப்புப் பெட்டியைக் கண்டு பின்வாங்கும் புதியவர் பலர். விதி சிறந்தது; வாயில் குறுகியது.

கண்ணுக்குத் தோன்றாத பிழை

அச்சுப்பிழை கண்ணுக்குத் தோன்றும். இணையத்திலோ கண்ணுக்குத் தோன்றாத பிழை என்று ஒரு புதுவகை தோன்றிவிட்டது. தமிழாசிரியர் இதனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

‘கௌரவம்’ என்னும் சொல்லைக் கருதுக. ஒருங்குறியில் ஔகாரக் குறிக்குத் தனியிடம் உண்டு. பலர் அதனை விடுத்து எகரக் குறியையும் ளகர எழுத்தையும் அடுத்தடுத்து இட்டுவிடுவர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ ஒன்று ‘கௌ’. மற்றொன்று ‘கெ’, ‘ள’ என்னும் ஈரெழுத்து. சரியாக எழுதித் தேடுபவர்க்குத் தவறாக எழுதப்பட்ட பக்கம் அகப்படாது. பார்வையற்றோர்க்காகப் பக்கத்தை வாசிக்கும் மென்பொருளும் அதனைக் ‘கெளரவம்’ என்றே ஒலிக்கும். காலுக்குப் பதில் ரகரம், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு, ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்று என இத்தகைய மயக்கங்கள் பல. படத்திலிருந்து எந்திரம் படித்தெடுத்த பக்கங்களில் இவை மிகுதி.

மற்றொரு வகைப் பிழை நிரலில் உள்ளது. தலைப்பு நீண்டால் இத்தனைக் குறியோடு வெட்டுக என்று நிரலெழுதுபவர் கட்டளையிட்டிருப்பார். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ஆதலின் வெட்டு புள்ளிக்கு முன் விழுந்தால் ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என நிற்கும். மெய் உயிர்மெய்யாகிவிடும். தொல்காப்பியர் மெய்யின் இயல்பைக் கூறப் புகுந்தபோதே புள்ளியை வலியுறுத்தினார். நிரலெழுதுவார் அதனை ஒரு துகளெனக் கருதி உதிர்த்துவிடுகின்றனர்.

பக்கத்தின் நிரலில் ‘இது எம்மொழிப் பக்கம்’ என்று கூறும் ஓர் அடையாளமும் உண்டு. பக்கம் முழுதும் தமிழாய் இருக்க, அயல்நாட்டு வார்ப்பிலிருந்து எடுத்த காரணத்தால் அவ்வடையாளம் ஆங்கிலம் என்றே கிடப்பது பரவலான பிழை. அவ்வாறாயின் வாசிக்கும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று இடர்ப்படும். ஒரு சொல்லை மாற்றினால் தீரும் குறை இது. அம்மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் முறையிட்டாலன்றி, கண்பார்வை உடைய அமைப்பாளர்க்கு இது வாணாள் முழுதும் தெரியாது.

பேராக்கின் பக்கங்கள்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் மலாயாவின் ரப்பர் வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்று. பின்னர்த் தோட்டங்கள் பெருகின; தமிழர் வந்தனர்; லயங்களும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரையே தோட்ட உடைமையாளராக்க முயன்றார். அம்முயற்சியால் சில தோட்டங்கள் காக்கப்பட்டன. மற்றவை துண்டாகி, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடமாகி மறைந்தன. மக்கள் ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் தெலுக் இந்தானுக்கும் அவற்றுக்கு அப்பாலும் பெயர்ந்தனர்.

மலேசிய மாநிலங்களுள் மிகுதியான தமிழ்ப்பள்ளிகளை உடையது பேராக். அவற்றின் எண்ணிக்கை நூற்றுமுப்பதுக்கும் மேல். அவற்றுட் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் இன்றும் ஒட்டியிருக்கின்றது. தோட்டம் இல்லை, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் வாழ்கின்றது. மறைந்த தோட்டத்தைப் பற்றி இன்று ஒருவர் அறிய விரும்பினால், அப்பள்ளியின் வரலாற்றுப் பக்கமோ, ஒரு கோயிலின் திருவிழாப் பக்கமோ, முன்னாள் மாணவர் ஒருவர் தொகுத்த படங்களோதாம் துணை. ஆகவே இப்பக்கங்களின் பிழை அழகுக் குறை மட்டும் அன்று. மூலம் அழிந்துபோன ஓலைக்கு எஞ்சிய ஒரே படி போன்றவை இவை. படியில் பிழை நின்றுவிட்டால் ஒப்புநோக்க வேறு ஏடு இல்லை.

இத்தகைய பக்கங்களில் காணப்படும் குறைகளை வகைப்படுத்திக் கூறுவோம். எத்தளத்தையும் பெயர் சுட்டிப் பழித்தல் நம் நோக்கம் அன்று.

தோற்றத்தில் முதற்குறை, எழுத்தைப் படமாக்குதல். பள்ளியின் வரலாறு முழுதும் ஒரு வண்ணச் சுவரொட்டியாய் வரையப்பட்டு ஏற்றப்பட்டிருக்கும். அதிலுள்ள ஒரு பெயரையும் தேட முடியாது. கைப்பேசியில் பெரிதாக்கினால் மங்கும். வாசிக்கும் மென்பொருளுக்கு அது வெற்றுச் சுவர். இரண்டாவது, வரியிடைவெளி. ஆங்கில எழுத்துக்கு அளந்த இடைவெளியில் தமிழை அடக்கினால் மேல்வரியின் உகரக் கீழ்விலங்கும் கீழ்வரியின் இகர மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். மூன்றாவது, வெண்மைமேல் வெளிர்சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்னும் வேறுபாடேனும் வேண்டும் என்று உலக இணையக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகுதிறன் நெறிகள் கூறுகின்றன. தோட்டத்தை நினைவில் வைத்திருப்போர் அறுபதும் எழுபதும் கடந்தவர். அவர்கள் கண்ணுக்கு எட்டாத பக்கம் யாருக்காக?

பயன்பாட்டில் தலையாய குறை, பெயர்களின் குழப்பம். மாநிலத்தின் பெயரைப் பேராக் என்பாரும் பேரா என்பாரும் உளர். ஈப்போ என்று எழுதுவாரும் இப்போ என்று எழுதுவாரும் உளர். பின்னதை இட்டுத் தேடினால் ‘இப்பொழுது’ என்னும் பொருளில் வரும் பேச்சுவழக்குச் சொற்களே வந்து குவியும். கோலகங்சாரும் குவாலா கங்சாரும் ஓரூரே என்பதை எந்திரம் அறியாது. 1982இல் தெலுக் ஆன்சன் என்னும் பெயர் தெலுக் இந்தான் என மாறியது. அதற்கு முன் அங்குப் படித்தவர் தேடுவது பழைய பெயரையே. தோட்டங்களின் நிலை இதனினும் சிக்கலானது. நிறுவனம் இட்ட பெயர் ஒன்று. தொழிலாளர் நாவில் வழங்கிய தமிழ்ப்பெயர் மற்றொன்று. பக்கத்தில் இருப்பது முன்னது; முதியவர் நினைவில் இருப்பது பின்னது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தாலொழிய அவை ஒன்றையொன்று சந்திக்க மாட்டா. கோலாலம்பூரிலோ சென்னையிலோ இருந்து தளம் அமைக்கும் வல்லுநர் இதனை அறிய வழியில்லை. அத்தோட்டத்தில் பிறந்தவர் ஒருவரே இதனைத் திருத்த முடியும். சாமிநாதையர்க்குக் கும்பகோணத்துச் சமணர் எவ்வாறோ, அவ்வாறே இத்தளங்களுக்குப் பேராக்கின் தோட்டத்து முதியோர்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். மாணவரும் ஆசிரியரும் வரிசையாய் நிற்கும் பழம்படங்கள் பல இணையத்தில் உள்ளன. ஆண்டு இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, நிற்பவர் எவர் என்னும் குறிப்பு இல்லை. ‘பழைய நினைவுகள்’ என்பது மட்டும் இருக்கும். குறிப்பற்ற படத்தைத் தேடிக் காணவும் இயலாது. கண்டாலும் அதனால் பயன் கொள்ளவும் இயலாது. குறிப்புத் தரவல்லவர் இன்று உளர், எக்காலமும் இரார்.

குறை கூறும் முறை

குறை கூறுதலும் ஒரு கல்வியே. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பை மலேசியத் தமிழிலக்கிய வரலாறு மறவாது. எழுதத் தொடங்கியவர்க்கு முறை பயிற்றி, அவர்கள் அனுப்பிய கதைகளை மதிப்பிட்டனர். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அவ்வகுப்பின் பயன் அதில் பயின்றோர் எழுத்தில் நிலைத்தது. இணையதளங்களுக்கும் அத்தகைய ஒரு வகுப்பு வேண்டும். பேராக்கில் அதற்குரிய இடங்களும் இருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் உள்ளது. ஈப்போவை அடுத்து ஆசிரியர் கல்விக் கழகம் உள்ளது. இரண்டிலும் தமிழாசிரியர் பயில்கின்றனர். பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு தளத்தை எடுத்து முறையாக ஆராய்ந்து எழுதினால், அது கட்டுரைப் பயிற்சியும் ஆகும்; தொண்டும் ஆகும்.

அவ்வாறு ஆராய்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் ஐந்து.

முதலாவது, இடம் சுட்டுதல். ‘தளம் நன்றாக இல்லை’ என்பது திறனாய்வு அன்று. எந்தப் பக்கம், எந்த வரி, எந்தக் கருவியில் பார்த்தபோது என்று கூறுதல் வேண்டும். கைப்பேசியில் தோன்றும் குறை கணினியில் தோன்றாமல் இருக்கலாம்.

இரண்டாவது, செய்ததும் கண்டதும் கூறுதல். ‘இன்ன சொல்லை இட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை’ என்னும் ஒரு வரி, நிரலெழுதுபவர்க்குப் பத்துப் பாராட்டுரையினும் பயன்படும்.

மூன்றாவது, வகை பிரித்தல். தோற்றக் குறையா, பயன்பாட்டுக் குறையா, எழுத்துக் குறையா, செய்திப் பிழையா என்று பிரித்துரைத்தால் உரியவர் உரியதைத் திருத்துவர். பள்ளி நிறுவப்பட்ட ஆண்டு தவறாய் இருப்பதும் பொத்தானின் நிறம் பொருந்தாமையும் ஒரே நிறையுடையன அல்ல.

நான்காவது, சான்று தருதல். செய்தியை மறுப்பவர் பழைய மலர், கல்வெட்டு, பதிவேடு, நேரில் அறிந்தவர் கூற்று ஆகியவற்றுள் ஒன்றை முன்வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, திருத்தத்தைப் பதிவு செய்தல். இது தளத்தாரின் கடமை. எந்நாள், எது, எவர் கூறியதால் மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிவைத்தல் வேண்டும். பெயர் வெளியிட விரும்பாதவரை ‘ஓர் அன்பர்’ என்று குறித்தாலே போதும்.

தடைகளும் விடைகளும்

இதற்குத் தடை கூறுவார் உளர். தளம் அமைப்போர் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர். குறை கூறினால் மனம் தளர்ந்து விட்டுவிடுவர் என்பது ஒரு தடை. உண்மையில் தொண்டரைத் தளரச் செய்வது குறை கூறுதல் அன்று. எவரும் படிக்கவில்லை என்னும் எண்ணமே அவரைத் தளரச் செய்கின்றது. ஒருவர் ஏழாம் பத்தியில் உள்ள பிழையைச் சுட்டினார் என்றால், ஏழாம் பத்தி வரை படித்தார் என்பது பெறப்படும். அதனினும் உயர்ந்த பாராட்டு இல்லை. சுட்டும் சொல்லில் இனிமை வேண்டும் என்பது வேறு செய்தி. அதனை ஆசிரியர்க்கு நாம் கூற வேண்டியதில்லை.

தமிழாசிரியர்க்கு நிரல் தெரியாதே என்பது மற்றொரு தடை. நோயாளிக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. எங்கே வலிக்கின்றது என்று கூறத் தெரிந்தால் போதும். மேலும், எழுத்தின் இயல்பை அறிந்தவர் ஆசிரியரே. புள்ளி உதிர்ந்தால் மெய் கெடும் என்பதை நிரலெழுதுவார்க்கு அவரன்றி வேறு எவர் கற்பிப்பார்?

பலர் பலவாறு கூறினால் தளம் உருக்குலையும் என்பது மூன்றாம் தடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒருவர் பச்சை என்பார். மற்றொருவர் நீலம் என்பார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தால் பக்கம் திருவிழாக் கடையாகிவிடும். ஆதலின் கேட்பது யாவரிடமும் ஆகுக. முடிவு செய்வது ஒருவர் பொறுப்பில் ஆகுக. ஏற்காத கருத்துக்கும் காரணம் கூறி விடை எழுதுதல் வேண்டும். அதங்கோட்டாசான் வினவினார்; தொல்காப்பியர் விடை கூறினார். வினவப்பட்டதற்காக அவர் தம் நூலைக் கைவிடவும் இல்லை. விடை கூறாமல் கடந்து செல்லவும் இல்லை.

இணையதளம் என்பது கட்டி முடித்துத் திறந்துவைக்கும் மண்டபம் அன்று. நாள்தோறும் பெருக்கி விளக்கேற்ற வேண்டிய வீடு. பேராக்கின் தோட்டப்புற வரலாறு இன்று பெரும்பாலும் அத்தகைய சிறு வீடுகளில்தான் குடியிருக்கின்றது. அவ்வீடுகளுக்குள் சென்று, எழுத்தைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, ஆண்டைக் கேட்டு எழுத வல்லவர் நம் பள்ளிகளில் உள்ள ஆசிரியரும், அவர்களிடம் படித்து மூத்தோரும் ஆவர். அம்மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்தி, பக்கத்தைத் திறந்து காட்டி, அவர்கள் கை தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் நம் கடன். அதுவே இக்காலத்துக்கு ஏற்ற அரங்கேற்றம்.